பழைய ஹை-கெயின் ட்யூப் ஆம்ப்: பார்த்து வாங்குவதும் ட்யூப் மாற்றுவதும்

விற்பனைக்கு வரும் பழைய கிட்டார் ட்யூப் ஆம்ப் விளம்பரங்களில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: "நன்றாக ஓடும், ட்யூப் மட்டும் மாற்றினால் போதும்." எங்கோ கோளாறு இருக்கிறது, எங்கே என்று யாரும் பார்க்கவில்லை என்பதே பல நேரம் அதன் பொருள். பவர் ட்யூப் (ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய ட்யூப்) வயதாகிச் செத்திருக்கலாம். ஆனால் சாக்கெட்டில் பயஸ் வோல்டேஜ் (ட்யூப் இழுக்கும் கரண்ட்டை அடக்கி வைக்கும் மைனஸ் வோல்டேஜ்) வராமல் போனதால் வெந்து செத்திருந்தால், புதிதாகப் போடும் விலையுயர்ந்த செட்டும் பத்தே நிமிடத்தில் அதே வழியில் போகும். அதனால் ட்யூப் மாற்றுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். பழையது ஏன் போனது என்பதுதான் முதல் கேள்வி.

இங்கே சொல்வது 100 வாட் வகையிலுள்ள ஹெட்களுக்கு (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப் பெட்டி). பழைய சந்தையில் அதிகம் கைமாறுபவை மூன்று. மார்ஷல் ஜேசிஎம்800 வரிசையின் 2203 மாடலில் மூன்று இசிசி83 (கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் சின்ன ப்ரீஆம்ப் ட்யூப்), நான்கு இஎல்34 (பவர் ட்யூப்) இருக்கும். பயஸைத் திருகி மாற்றலாம். 1992-ல் வந்த பீவி 5150 ஹெட் 120 வாட். ஐந்து 12ஏஎக்ஸ்7, நான்கு 6எல்6ஜிசி. பயஸ் திருகு கிடையாது. 2004-ல், இந்த ஆம்ப்போடு பெயர் இணைந்திருந்த கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலனும் பீவியும் பிரிந்த பிறகு அதே ஆம்ப் 6505 என்ற பெயரில் தொடர்ந்தது. 5150 இரண்டாம் வடிவத்தில் ஒரு 12ஏஎக்ஸ்7 கூடுதல். மூன்றாவது மேசா பூகி டூயல் ரெக்டிஃபையர்: ஐந்து 12ஏஎக்ஸ்7, நான்கு 6எல்6, ரெக்டிஃபையருக்கே (ஏசியை டிசி ஆக்கும் பகுதி) இரண்டு 5யு4. இதிலும் பயஸ் திருகு இல்லை. எந்த வகை ட்யூப் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் மட்டும் பின்னால் இருக்கும். இசிசி83 என்பதும் 12ஏஎக்ஸ்7 என்பதும் ஒரே ட்யூப்பின் ஐரோப்பிய, அமெரிக்கப் பெயர்கள். நம் ஊரில் "வால்வு ரேடியோ" என்று சொன்னோமே, அந்த வால்வும் இதுதான். பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் ட்யூப் என்று சொல்லிப் புரியவில்லை என்றால் வால்வு என்று சொல்லுங்கள்.

போவதற்கு முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, எந்த வோல்டேஜ். அமெரிக்காவில் விற்ற 5150 நேரடியாக 120 வோல்ட்டுக்குக் கட்டியது. அதை நம் 230 வோல்ட் பிளக்கில் சொருகினால் மெயின் ஃபியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். ஆனால் 500 விஏவுக்குக் குறையாததாகவும், எர்த் கம்பி ஆம்ப் வரை தொடர்வதாகவும் இருக்க வேண்டும். ஹேர் டிரையருக்கென்று விற்கும் லேசான டிராவல் கன்வெர்ட்டர் உதவாது. பின்பலகையில் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் அச்சிட்டிருந்தால் நம் 50 ஹெர்ட்ஸில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும். ஸ்டெப்-டவுன் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. இதற்கெல்லாம் ஆகும் செலவை விலையிலேயே கழித்துப் பேசுங்கள்.

அடுத்து, பின்பக்கம் திறந்த நிலையில் படம் கேளுங்கள். நான்கு பவர் ட்யூப்பும் ஒரே பிராண்டா? இரண்டு ஒரு பிராண்டும் இரண்டு வேறு பிராண்டுமாக இருந்தால் நடுவில் ஒரு ஜோடி செத்து, கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். ட்யூப்பின் தலையிலோ பக்கத்திலோ கண்ணாடி போலப் பளபளக்கும் வெள்ளிப் பூச்சுக்கு கெட்டர் என்று பெயர். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அந்த ட்யூப் செத்தது. ஓரம் பழுப்பேறித் தேய்ந்திருந்தால் நிறைய ஓடியிருக்கிறது.

5150-ல் முகப்பு எழுத்து வடிவத்தை வைத்துக் கூடுதல் விலை கேட்பது வழக்கம். எழுத்துக்குப் பணம் கொடுப்பதை விட, அந்தப் பணத்தை ஃபில்டர் கபாசிட்டருக்கு (சப்ளையின் டிசியைச் சீராக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்) ஒதுக்குவது மேல். 1992-ல் வந்த ஹெட்டுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. எலெக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர் அதற்கு முன்பே காயத் தொடங்கிவிடும்.

நேரில் பார்க்கும்போது

"நான் வருவதற்கு முன் ஆன் செய்து வைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சூடேறிய ஆம்ப் பல குறைகளை மறைத்துவிடும். கையில் எடுத்துப் போக வேண்டியவை கிட்டார், சரியான ஸ்பீக்கர் கேபிள், டார்ச், ஒரு மரப் பென்சில், நன்றாக இருக்கும் என்று தெரிந்த ஒரு 12ஏஎக்ஸ்7. ஸ்பீக்கருக்கு கிட்டார் கேபிளைப் போடக் கூடாது. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் உள்கம்பி மெல்லியது, 100 வாட் ஆம்ப்பின் கரண்ட்டுக்குச் சூடேறி ஷார்ட் ஆகலாம்.

ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்ய விடாதீர்கள். சுமை இல்லாமல் கிட்டார் அடித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் வோல்டேஜ் எகிறி, சுற்றுக்குள்ளேயோ சாக்கெட்டிலேயோ பொறி தாவும். ஆம்ப் பார்க்கும்போது நடக்கும் தவறுகளிலேயே செலவு அதிகம் வைப்பது இதுதான். கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) 16 ஓம் என்றால் ஆம்ப்பின் ஓம் செலக்டரும் 16-ல் நிற்க வேண்டும். 16 ஓம் கேபினெட் இரண்டை மாட்டினால் 8.

ஆன் செய்வதற்கு முன்பே ஃபியூஸ் ஹோல்டரைத் திருகிப் பாருங்கள். முந்தைய உடைமையாளரின் நேர்மை அங்கே தெரியும். பின்பலகையில் அச்சிட்ட அளவும் உள்ளே இருக்கும் ஃபியூஸின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 2203-ன் எச்டி ஃபியூஸ் (உயர் வோல்டேஜ் பக்கத்து ஃபியூஸ்) 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ. அந்த இடத்தில் 5 ஆம்பியர் இருந்தாலோ, சிகரெட் அட்டை ஃபாயில் சுற்றியிருந்தாலோ, யாரோ திரும்பத் திரும்ப ஃபியூஸ் போனதைப் பார்த்துச் சலித்துப் போய் அப்படிச் செய்திருக்கிறார்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ஆம்ப்பைப் பழுது பார்க்க வேண்டிய சாமான் என்றே கணக்கிடுங்கள்.

இப்போது ஸ்டாண்ட்பையில் (ஹீட்டர் மட்டும் சூடேறி, உயர் வோல்டேஜ் ட்யூப்புக்குப் போகாத நிலை) வைத்து ஆன். ஒரு நிமிடத்தில் எல்லா ட்யூப்பிலும் ஹீட்டர் ஆரஞ்சாகத் தெரிய வேண்டும். பிறகு ஸ்டாண்ட்பையை விலக்கி, அறை விளக்கை அணைத்து, பவர் ட்யூப்களை ஐந்து நிமிடம் பாருங்கள். கண்ணாடியின் உள்சுவரில் ஒட்டினாற்போல் நீல ஒளி தெரிந்தால் அது இயல்பு. பலர் இதைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். உள்ளே நடுப்பகுதி முழுக்க ஊதா அல்லது இளஞ்சிவப்பு மூட்டம் பரவினால் வாயு கசிந்திருக்கிறது. ஹீட்டரைச் சுற்றியுள்ள சாம்பல் நிறத் தகடுதான் பிளேட். அது அடுப்புத் தணல் போல மங்கலாகச் சிவக்க ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். "கொஞ்சம் சூடாகியிருக்கு, அவ்வளவுதான்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

அடுத்தது காது வேலை. எல்லா கெயினும் மாஸ்டரும் பூஜ்யத்தில் இருக்கும்போது வரும் ஹம், பவர் ஆம்ப் பக்கமிருந்தோ சப்ளையிலிருந்தோ வருகிறது. அதன் சுருதியைப் பிடியுங்கள். கிட்டாரின் 6-ம் கம்பியில் 3-ம் ஃப்ரெட்டில் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். ஹம் அந்தச் சுருதியை ஒட்டி இருந்தால் 100 ஹெர்ட்ஸ். ஃபில்டர் கபாசிட்டர் காய்ந்திருக்கிறது, அல்லது பவர் ட்யூப்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் 50 ஹெர்ட்ஸ். கிரவுண்ட் அல்லது ஹீட்டர் வயரிங்கைச் சந்தேகியுங்கள். கெயினை ஏற்றினால் வரும் "ஸ்ஸ்ஸ்" ஹை-கெயின் ஆம்ப்புக்குப் பிறவிக் குணம், அதைக் குறையாகச் சொல்லிப் பேரம் பேச முடியாது. படபடவென்று வெடிக்கும் சத்தம் மட்டும் குறை.

கெயினைப் பாதியில் வைத்து, ப்ரீஆம்ப் ட்யூப் ஒவ்வொன்றையும் பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். இன்புட்டுக்குப் பக்கத்திலுள்ள வி1-ல் லேசாக "டக்" கேட்பது சாதாரணம். தட்டிய பிறகும் மணி போல ரீங்காரமிட்டாலோ கிறீச்சிட்டாலோ அது மைக்ரோஃபோனிக். ட்யூப் குறை, ஆம்ப் குறை அல்ல. கையிலுள்ள நல்ல ட்யூப்பை அங்கே போட்டால் உறுதியாகிவிடும். (ஆஃப் செய்து, ஆறவிட்டு மாற்றுங்கள்.) எல்லா நாப்பையும் திருகிப் பாருங்கள். கரகரப்பு பெரும்பாலும் தூசுதான், கான்டாக்ட் க்ளீனரில் போய்விடும். ஒரே ஒரு நாப் மட்டும் ஓயாமல் பலமாகக் கரகரத்தால் அதற்கு முன்னுள்ள கப்ளிங் கபாசிட்டர் (சிக்னலை விட்டு டிசியைத் தடுக்க வேண்டியது) டிசியைக் கசிய விடுகிறதோ என்று குறித்துக்கொள்ளுங்கள். எஃபெக்ட்ஸ் லூப், சேனல் மாற்றம், ஃபுட்ஸ்விட்ச் எல்லாவற்றையும் சோதியுங்கள். கடைசியாக அரைமணி நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள். சூடேறிய பிறகு மெலிந்துபோகும் சத்தம் முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாது.

வாங்கியபின் பார்சலில் வருவதாக இருந்தால், ட்யூப்களைக் கழற்றி, எது எந்த இடம் என்று எழுதி, தனியாகச் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். கனமான டிரான்ஸ்ஃபார்மரோடு குலுங்கி வரும்போது ட்யூப் மட்டுமில்லை, சர்க்யூட் போர்டில் பற்றவைத்த சாக்கெட்டும் ஆடிப் போகும்.

சேஸிஸைத் திறப்பதற்கு முன்

ட்யூப்களை மாற்ற மட்டும் சேஸிஸைக் (சர்க்யூட் உட்கார்ந்திருக்கும் உலோகத் தட்டு) கழற்ற வேண்டியதில்லை. சாக்கெட்டை அளக்கவும் பயஸ் வைக்கவும் கழற்றியாக வேண்டும். உள்ளே 450 முதல் 500 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். பவர் ட்யூப்களைக் கழற்றிவிட்டு ஆன் செய்து ஆஃப் செய்தால் இன்னும் மோசம். கரண்ட்டை உறிஞ்ச ஆளில்லாததால் சார்ஜ் வெகுநேரம் நிற்கும். மீட்டரில் ஏசி, டிசி வித்தியாசம் தெரியாதவர்கள் இந்தப் பகுதியை டெக்னீஷியனிடம் விட்டுவிடுவதுதான் சரி.

பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்டாண்ட்பை சுவிட்சை வாசிக்கும் நிலைக்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் சில மாடல்களில் ஒரு பகுதி கபாசிட்டர்கள் துண்டித்து நின்று சார்ஜோடு இருக்கும். 10 கிலோஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் ரப்பர் உறை போட்ட க்ரோக்கடைல் கிளிப் வயர் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிப்பை முதலில் சேஸிஸில் மாட்டுங்கள். இடக்கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மற்ற கிளிப்பை வலக்கையால் பவர் ட்யூப் சாக்கெட்டின் 3-ம் நம்பர் பின்னில் பிடியுங்கள். முப்பது வினாடி. ஸ்க்ரூடிரைவரால் "டப்" என்று ஷார்ட் அடிக்கும் பழக்கம் கபாசிட்டருக்கும் கண்ணுக்கும் கெடுதல். பிறகு ஒவ்வொரு கபாசிட்டரின் பிளஸ் முனையையும் மீட்டரில் அளந்து 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று பாருங்கள். ப்ரீஆம்ப் பக்கக் கபாசிட்டர்கள் தாமதமாகத்தான் இறங்கும். இறங்கியது மறுபடி சில வோல்ட் ஏறுவதும் உண்டு, அதனால் வேலை முடியும்வரை கிளிப்பை அங்கேயே விட்டு வையுங்கள். ஆன் செய்வதற்கு முன் எடுக்க மறக்காதீர்கள். மீட்டர் 1000 வோல்ட் டிசி தாங்குவதாகவும் அதன் லீட் தோல் உரியாததாகவும் இருக்கட்டும்.

சாக்கெட்டைப் பார்ப்பது

6எல்6, இஎல்34 இரண்டுக்கும் பின் வரிசை கிட்டத்தட்ட ஒன்றே: 2, 7 ஹீட்டர், 3 பிளேட், 4 ஸ்கிரீன், 5 கண்ட்ரோல் கிரிட், 8 கேத்தோடு. இதில் 2-ம் 3-ம் பக்கத்து வீடுகள். ஒன்று கிட்டத்தட்ட கிரவுண்ட், மற்றது 450 வோல்ட்டுக்கு மேல். தூசும் ஈரமும் சேர்ந்தாலோ, ஸ்பீக்கர் இல்லாமல் அடித்தாலோ, இரண்டுக்கும் நடுவில் பொறி தாவும். டார்ச் அடித்துப் பாருங்கள்: அந்த இடைவெளியில் பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கருங்கோடு இருந்தால் அது கரி. கரி கரண்ட்டைக் கடத்தும். சுரண்டினாலும் துடைத்தாலும் மறுபடி அதே பாதையில் தாவும். சாக்கெட்டை மாற்றுவது ஒன்றே வழி.

கருங்கோடு இல்லையென்றால் கான்டாக்ட் க்ளீனரை ட்யூப்பின் காலில் தடவி, இரண்டு மூன்று முறை சொருகி எடுங்கள். பிடி தளர்ந்த சாக்கெட்டின் உலோக நாக்கை மெல்லிய ஊசியால் சற்று உள்ளே நெம்பலாம். 5150-ல் சாக்கெட்டுகள் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைத்தவை. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, பற்றவைப்பில் மோதிரம் போல விரிசல் விழும். "சில நேரம் சத்தம் வருகிறது, சில நேரம் இல்லை" என்னும் புகாருக்குப் பாதி காரணம் இதுதான்.

பிறகு ஸ்கிரீன் ரெசிஸ்டர்கள். 2203-ல் ஒவ்வொரு பவர் ட்யூப்புக்கும் 1 கிலோஓம், 5 வாட் ஒன்று உண்டு. ட்யூப் ஷார்ட் ஆகும்போது முதலில் வெந்து துண்டாவது இதுவே. துண்டான சாக்கெட்டில் புது ட்யூப் போட்டால் அது சும்மா உட்கார்ந்திருக்கும், ஆம்ப் முக்கால் பலத்தில் ஓடும், யாருக்கும் தெரியாது. நான்கையும் அளந்துவிடுங்கள்.

பவர் ட்யூப் இல்லாமலே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் பார்த்துவிடலாம். சென்டர் டேப்பிலிருந்து (பிரைமரியின் நடுமுனை) இருபக்க பிளேட்டுக்கும் சில பத்து ஓம் வரும். இரண்டும் சற்று வேறுபடுவது இயல்பு, ஏனெனில் வெளிச்சுற்றின் கம்பி நீளம் கூடுதல். ஒரு பக்கம் முழுத் துண்டிப்பு காட்டினால் அந்த ஆம்ப்பின் கணக்கே வேறு.

நெடுங்காலம் ஓடாமல் கிடந்த ஆம்ப்பை நேரடியாகச் சொருகாதீர்கள். எலெக்ட்ரீஷியன் கையிலிருக்கும் சீரிஸ் போர்டு இங்கே அருமையான கருவி: 100 வாட் குண்டு பல்பு வழியாக, பவர் ட்யூப் இல்லாமல், ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் எங்கோ ஷார்ட்.

ட்யூப் போடும் முன் ஒரே ஓர் அளவு

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ப்ரீஆம்ப் ட்யூப்கள் எல்லாம் இருக்கட்டும், பவர் ட்யூப் ஒன்றும் வேண்டாம். சீரிஸ் போர்டை விலக்கி முழு வோல்டேஜில் ஆன் செய்து ஸ்டாண்ட்பையையும் விலக்குங்கள். மீட்டரின் கருப்பு லீட் சேஸிஸில், சிவப்பு லீட் ஒவ்வொரு சாக்கெட்டின் 5-ம் நம்பர் பின்னில். நான்கிலும் மைனஸ் வோல்டேஜ் வர வேண்டும். இஎல்34 மார்ஷலில் மைனஸ் 35 முதல் 45 வரை, 6எல்6 ஆம்ப்பில் மைனஸ் 50-ஐ ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைவிட நான்கும் ஒன்றாக இருப்பதே முக்கியம்.

ஒரு சாக்கெட்டில் பூஜ்யம் வந்தால் கிரிட்டுக்குப் போகும் பாதை துண்டாகியிருக்கிறது. அங்கே எந்த ட்யூப் போட்டாலும் சிவக்கும். ஒரு பக்கத்து இரண்டு சாக்கெட்டிலும் மைனஸ் 42-க்குப் பதில் மைனஸ் 30 வந்து, மறுபக்கம் சரியாக இருந்தால், ஃபேஸ் இன்வெர்ட்டரிலிருந்து (பவர் ட்யூப்களின் இரு பக்கத்துக்கும் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் ட்யூப்) வரும் கப்ளிங் கபாசிட்டர் பிளஸ் வோல்டேஜைக் கசிய விடுகிறது. 0.022 மைக்ரோஃபாரட் மதிப்புள்ள இந்தச் சின்ன உருப்படிதான் பல "ராசியில்லாத" ஆம்ப்களின் ரகசியம். மாற்றச் செலவு ஒரு டீக்காசு, மாற்றாவிட்டால் போவது ஒரு முழு செட்.

எதை வாங்குவது

பெட்டிப் பெயரை நம்பி அதிகம் குழம்ப வேண்டாம். இன்றைய புது ட்யூப்களில் பெரும்பகுதி சில ஆலைகளிலிருந்தே வருகிறது. ஸ்லோவாக்கியாவின் ஜேஜே ஒன்று. ரஷ்யாவின் சரடோவ் ஆலை இன்னொன்று. சோவ்டெக், எலெக்ட்ரோ-ஹார்மனிக்ஸ், டங்-சால் எல்லாம் அங்கிருந்தே. இன்று கடையில் வாங்கும் புது மல்லார்டும் அங்கே செய்ததே, பழைய பிரிட்டிஷ் மல்லார்டுக்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் சொந்தம். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது உலகமெங்கும் ட்யூப் விலை எகிறியது. பழைய இருப்பு என்ற பெயரில் போலிகள் நடமாடுவதால், அச்சு எழுத்தை மட்டும் பார்த்துப் பெரும்பணம் கொடுக்க வேண்டாம். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த பழைய வால்வுகள் நம் ஊர் ரேடியோக் கடைகளில் இன்னும் தட்டுப்படும். ஆனால் ரேடியோவில் நன்றாக ஓடியது ஹை-கெயின் ஆம்ப்பின் வி1-ல் ஊளையிடலாம். போட்டுக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வி1-க்குக் குறைந்த மைக்ரோஃபோனிக் என்று தேர்ந்தெடுத்ததை வாங்குங்கள். நீண்ட பிளேட் கொண்ட 12ஏஎக்ஸ்7 ஹை-ஃபையில் இனிமை, ஸ்பீக்கரோடு ஒரே பெட்டியில் அதிரும் காம்போவில் தொல்லை. ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு இரு பாதியும் பொருந்தியது நல்லது; 2203-ல் அது வி3. நடுவிலுள்ளவற்றுக்குச் சாதாரணமானதே போதும். நன்றாக ஒலிக்கும் ப்ரீஆம்ப் ட்யூப்பை வயதுக்காக மட்டும் தூக்கி எறியாதீர்கள். கெயின் மிஞ்சிப் போனால் வி1-ல் 12ஏஎக்ஸ்7-க்குப் பதில் 5751 போட்டுப் பாருங்கள். முன்னதன் பெருக்கம் 100, பின்னதன் பெருக்கம் 70.

பவர் ட்யூப் நான்கும் பொருத்திய செட்டாக, அதாவது ஒரே அளவு கரண்ட் இழுப்பவையாக, இருக்க வேண்டும். பயஸ் திருகு இல்லாத 5150, டூயல் ரெக்டிஃபையர் போன்றவற்றுக்கு இன்னொரு விஷயம்: ஒரே வகை 6எல்6-லும் ஒரே கிரிட் வோல்டேஜில் கரண்ட் குறைவாக இழுப்பதும் அதிகமாக இழுப்பதும் உண்டு. 5150 தொழிற்சாலையிலிருந்தே குளிர்ச்சியான பயஸோடு (ட்யூப்பில் கரண்ட் குறைவாக ஓடும்படி) வரும் ஆம்ப், அதனால் நடுத்தரம் அல்லது சற்று அதிகம் இழுக்கும் செட்டைக் கேட்டு வாங்குங்கள்.

6எல்6 இடத்தில் இஎல்34 போட்டால் மார்ஷல் சத்தம் வரும் என்று யாராவது சொல்வார்கள். 6எல்6-ன் ஹீட்டர் 0.9 ஆம்பியர், இஎல்34-ன் ஹீட்டர் 1.5. நான்குக்கும் சேர்த்து 2.4 ஆம்பியர் கூடுதல் சுமை டிரான்ஸ்ஃபார்மர் மேல். அதோடு இஎல்34-க்கு 1-ம் நம்பர் பின் 8-ஓடு இணைந்திருக்க வேண்டும், பயஸும் மாற வேண்டும். ஆம்ப்பே அதற்கென்று சுவிட்ச் கொடுத்திருந்தாலொழிய வேண்டாம்.

போடுவது, பயஸ் வைப்பது

ப்ரீஆம்ப் ட்யூப்களை ஒன்றொன்றாக மாற்றுங்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு வாசித்துக் கேளுங்கள். மொத்தமாக மாற்றிவிட்டு ஒன்று ஊளையிட்டால் எது என்று தேடுவதற்கே மாலைப்பொழுது போய்விடும். ஒன்பது காலும் வளையாமல் நேராக இருக்கிறதா என்று பார்த்து, லேசாக ஆட்டி ஆட்டி இறக்குங்கள். உலோக மூடி இருந்தால் திரும்ப மாட்டுங்கள்.

பவர் ட்யூப்பை எடுக்கும்போதும் போடும்போதும் கருப்பு அடிப்பாகத்தைப் பிடிக்க வேண்டும். கண்ணாடியைத் திருகினால் பிசின் விட்டுவிடும். அடியிலுள்ள நடுத்தண்டின் புடைப்பு சாக்கெட்டின் பள்ளத்தில் உட்கார வேண்டும். அந்தத் தண்டு உடைந்த ட்யூப்பை எந்தத் திசையிலும் சொருகிவிட முடியும் என்பதால் அதைப் பயன்படுத்தவே கூடாது.

கணக்கு எளிது. பிளேட் வோல்டேஜை ஒரு ட்யூப்பின் பிளேட் கரண்ட்டால் பெருக்கினால் அது சும்மா நிற்கும்போது எரிக்கும் வாட். 6எல்6ஜிசியின் உச்சம் 30 வாட், இஎல்34-ன் உச்சம் 25. அதில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2203-ல் பிளேட்டில் 460 வோல்ட் அளந்தால் 17.5 வாட்டை 460-ஆல் வகுக்க 38 மில்லிஆம்பியர். அது மேல்வரம்பு, சேர வேண்டிய இலக்கு அல்ல. ஹை-கெயின் வாசிப்பில் சத்தத்தின் முக்கால்வாசி ப்ரீஆம்ப்பில் உருவாகிறது, பவர் ட்யூப்பை வாட்டுவதால் பெரிய லாபமில்லை. 60 சதவீதம், அதாவது 32 அல்லது 33 மில்லிஆம்பியர் வைத்தால் கீழ்ச்சுருதி இறுக்கமாக நிற்கும், ட்யூப்பும் நீடிக்கும்.

அளப்பதற்கு பயஸ் ப்ரோப் வாங்கலாம். சாக்கெட்டுக்கும் ட்யூப்புக்கும் நடுவில் உட்காரும். அல்லது ஒவ்வொரு கேத்தோடுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 1 ஓம், 1 சதவீத ரெசிஸ்டர் பற்றவைத்துவிட்டால் மீட்டரில் வரும் 1 மில்லிவோல்ட்தான் 1 மில்லிஆம்பியர். கேத்தோடு கரண்ட்டில் ஸ்கிரீன் கரண்ட்டும் கலந்திருப்பதால் காட்டும் எண் நிஜ பிளேட் கரண்ட்டை விடச் சற்று அதிகம். பாதுகாப்பான பக்கத்துப் பிழை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு இணையாக மீட்டரை கரண்ட் அளவில் வைக்கும் பழைய முறையில் இரு லீட்டிலும் 450 வோல்ட் நிற்கும். கை தவறினால் மீட்டர் மட்டும் போகாது.

திருகை முதலில் மைனஸ் அதிகமாக இருக்கும் பக்கம் முழுக்க வையுங்கள். ஸ்பீக்கர் மாட்டி, எல்லா வால்யூமும் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்யுங்கள். பத்து நிமிடம் சூடேறட்டும். பிறகு சிறிது சிறிதாகத் திருகி, ஒவ்வொரு முறையும் பிளேட் வோல்டேஜையும் மறுபடி அளங்கள். கரண்ட் ஏறினால் அது இறங்கும். நான்கு ட்யூப்புக்குள் 3 அல்லது 4 மில்லிஆம்பியர் வித்தியாசம் பொறுக்கத்தக்கது. 5150-ல் திருக எதுவும் இல்லை. அளந்து, எதுவும் சிவக்கவில்லை, நான்கும் நெருங்கி நிற்கின்றன என்றால் முடிந்தது. பயஸ் பகுதியில் ட்ரிம்பாட் (திருகி மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) சேர்க்கும் மாற்றம் பிரபலமானது, தெரிந்தவர் கையால் செய்யச் சொல்லலாம்.

எண்கள் ஒத்துவராதபோது

ஒரு ட்யூப் மட்டும் சிவந்தாலோ எண் எகிறினாலோ, ஆஃப் செய்து ஆறவிட்டு, அதை எதிர்ப்பக்க ட்யூப்போடு இடம் மாற்றுங்கள். குறை ட்யூப்போடு நகர்ந்தால் ட்யூப்பைத் திருப்பி அனுப்புங்கள். சாக்கெட்டிலேயே நின்றால் ட்யூப் மேல் பழி போடாமல் 5-ம் நம்பர் பின்னுக்கே திரும்புங்கள். ப்ரீஆம்ப் சத்தத்துக்கும் இதே முறைதான். ஆன் நிலையில் ப்ரீஆம்ப் ட்யூப்பைப் பிடுங்கித் தேடும் வழக்கம் வேண்டாம். சில ஆம்ப்களில் ஹீட்டர்கள் தொடராக இணைந்திருக்கும், ஒன்றை எடுத்தால் மற்றவையும் அணைந்து குழப்பும்.

ஸ்டாண்ட்பையை விலக்கியதும் எச்டி ஃபியூஸ் போனால் பெரும்பாலும் ஏதோ ஒரு பவர் ட்யூப் உள்ளே ஷார்ட். ஃபியூஸைப் பெரிதாக்காமல், முதலில் ஒரு ஜோடியை மட்டும் போட்டுப் பாருங்கள், அடுத்து மற்ற ஜோடியை. 2203-ல் இடப்பக்கம் அடுத்தடுத்த இரண்டு ஒரு பக்கம், வலப்பக்கத்து இரண்டு மறுபக்கம். ஆகவே ஜோடி என்றால் வெளியே இரண்டு அல்லது உள்ளே இரண்டு. இரண்டே ட்யூப்பில் ஓட்டும்போது செலக்டரைக் கேபினெட்டுக்குப் பாதியாக வைக்க வேண்டும்: 8 ஓம் கேபினெட்டுக்கு 4. சின்ன அறைக்கு இப்படியே ஓட்டுபவர்களும் உண்டு. ஆனால் சத்தம் பாதியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், 3 டெசிபெல்தான் குறையும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஹம் மட்டும் முன்பைவிட அதிகமானால் செட் பொருந்தவில்லை, அல்லது பழைய ட்யூப்களின் சோர்வு மறைத்துவைத்த ஃபில்டர் கபாசிட்டர் இப்போது வெளியே வந்திருக்கிறது. எர்த் பின்னை ஒடித்து ஹம்மைக் குறைக்கும் வித்தையை யாராவது காட்டினால் மறுத்துவிடுங்கள். அந்த எர்த்துக்கு வேலையே, உள்ளே ஏதாவது சேஸிஸில் உரசும் நாளில் கிட்டார் கம்பியைப் பிடித்திருக்கும் கையைக் காப்பதுதான்.

பதினைந்து இருபது மணி நேரம் வாசித்த பிறகு பயஸை ஒரு முறை மறுபடி அளங்கள். புது ட்யூப் ஆரம்பத்தில் சற்று நகரும். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி, பிளேட் வோல்டேஜ், நான்கு மில்லிஆம்பியர் எண்கள், ட்யூப் பெட்டியிலிருந்த பொருத்த எண் ஆகியவற்றை எழுதி, சூடு படாத இடமாகப் பார்த்துப் பெட்டியின் உட்சுவரில் ஒட்டிவையுங்கள்.